இரண்டு வாரப் பயணத்தில் ஒரு தெரபிஸ்ட் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு சங்கம் பணம் திரட்டியிருக்கிறது. உக்ரைனில் போரில் காயம்பட்டவர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்ய நோயாளியைப் பழக்குபவர்) என ஆறு பேரை இரண்டு வாரம் வரவழைத்து உள்ளூர் மருத்துவமனைகளைக் காட்டுவது திட்டம். உறுப்பினர்களில் ஒரு சாரார், "டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் போகிற பணத்தை நேரே அங்கே அனுப்பினால் நாலு சக்கர நாற்காலியாவது வாங்குவார்களே" என்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. கையால் செய்கிற ஒரு வேலையில், போய்ப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளக்கூடியது எது, பார்த்தால் வராதது எது? அது தெளிந்தால் பணம் எங்கே போக வேண்டும் என்பதும் தெளிந்துவிடும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழ்நாட்டில் படித்து, தண்டுவடக் காயம், கை கால் இழப்பு இரண்டிலும் பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டு இங்கே பிரிட்டனுக்கு வந்தேன். வெளிநாட்டுக் குழுக்கள் வந்தால் வார்டில் அவர்களோடு இருக்கும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம்தான் வரும். உக்ரைனுக்குள் நான் வேலை செய்ததில்லை. ஆகவே அந்த நாட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் அங்கிருந்து வந்தவர்களோடு பழகியதாலும், அவர்களுடைய சட்டத்தையும் பாடத்திட்டத்தையும் படித்ததாலும் தெரிந்தவை. சிகிச்சையைப் பற்றிச் சொல்வதற்கு நானே பொறுப்பு.

பார்த்தால் வராததை முதலில் சொல்கிறேன். கால் எடுக்கப்பட்டவரின் மீதிக் காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். செயற்கைக் கால் பொருத்துவதற்கு முன் அதன் வீக்கத்தை வடியவைத்து வடிவத்துக்குக் கொண்டுவரப் பட்டைத்துணி சுற்றுவது ஒரு வழி. நுனியில் இறுக்கமாகத் தொடங்கி, குறுக்கும் மறுக்குமாக மேலே போகப் போகத் தளர்த்த வேண்டும். தலைகீழாக மேலே இறுக்கிவிட்டால் நுனி குமிழ் போல வீங்கும்; அந்தக் காலில் சாக்கெட், அதாவது ஸ்டம்ப் நுழைகிற செயற்கைக் காலின் கிண்ணம், சரியாக உட்காராது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் எவ்வளவு இழுத்தால் சரி என்பது பல ஸ்டம்ப்களில் சுற்றிப் பார்த்து, பக்கத்தில் ஒருவர் திருத்தி, அப்படித்தான் கைக்கு வரும். தண்டுவடம் அடிபட்டவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதும், கை எலும்பு முறிவுக்கு ஸ்ப்ளின்ட் என்ற தாங்கியை வார்ப்பதும் இப்படியே. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பு ஒரு மாணவருக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சக் களப்பயிற்சி 1000 மணி நேரம். உங்கள் இரண்டு வாரம் 80 மணி நேரத்தைத் தாண்டாது. அதற்கு மேல், பிரிட்டனில் பதிவு பெறாமல் பார்வையாளராக வருபவர் நோயாளிக்குச் சிகிச்சை தர முடியாது. கூட நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். கைத்திறனை வளர்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்தப் பயணம் அதற்கு ஏற்ற வழி இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் இதைச் சொல்வேன்.

ஆனால் பார்த்தால் மட்டுமே புரிகிற விஷயங்களும் உண்டு. உக்ரைனுக்கு அவைதான் இப்போது அதிகம் தேவை என்பது என் அபிப்பிராயம். சோவியத் காலத்திலிருந்து அங்கே இருந்த முறை வேறு. உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஒரு மருத்துவர், அவர் சொன்னபடி செய்யும் பயிற்றுநர், மசாஜ், மின்சிகிச்சை, கடைசியில் சானடோரியத்தில் சில வாரம் ஓய்வு. பிசியோதெரபிஸ்ட் தானே நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுப்பது அந்த முறையில் கிடையாது. ஆக்குபேஷனல் தெரபி என்ற தொழிலே ஏறக்குறைய இல்லை. பல்கலைக்கழகங்களில் இவை தனிப் படிப்பாக வந்தது 2015-க்குப் பிறகு. மறுவாழ்வுச் சிகிச்சைக்கான தனிச் சட்டத்தை அவர்கள் நாடாளுமன்றம் 2020 டிசம்பரில் நிறைவேற்றியது. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சு சிகிச்சையாளர், உளவியலாளர், செவிலியர் எல்லோரும் ஒரே குழுவாக வேலை செய்ய வேண்டும் என்கிறது அது. சட்டம் வந்து பதினைந்து மாதத்துக்குள் முழுப் போர். காகிதத்தில் இருக்கும் குழுவை, ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காதவர்கள், வார்டு நிரம்பி வழியும்போது உருவாக்க வேண்டிய நிலை.

ஒரு குழு வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தண்டுவடக் காயப் பிரிவில் வாரா வாரம் நோயாளியின் இலக்குகளை முடிவு செய்யும் கூட்டம் நடக்கும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஓர் இளைஞர் சக்கர நாற்காலியில் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் நாங்கள். முதல் கேள்வி அவரிடம்தான்: "இந்த வாரம் உங்களுக்கு எது முக்கியம்?" தங்கையின் கல்யாணத்துக்குப் போக வேண்டும், அங்கே யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்றார். காரில் ஏறி இறங்கப் பழகுவது என் வேலை, தோள் வலுவுக்குப் பிசியோ, அத்தனை நேரம் உட்கார்ந்தால் தோல் தாங்குமா என்று பார்ப்பது செவிலியர், சிறுநீருக்கு எத்தனை மணிக்கு ஒருமுறை கதீட்டர் போட வேண்டும் என்பதை அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். மருத்துவர் கடைசியில்தான் பேசினார், அதுவும் மாத்திரையைப் பற்றி இரண்டு வாக்கியம்; அதில் ஒன்றை நான் மறுத்துப் பேசினேன். வந்திருந்தவர்களில் ஒரு பெண் குறிப்பேட்டில் பயிற்சிகளை எழுதவில்லை. யாருக்குப் பின் யார் பேசினார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் கேட்ட முதல் கேள்வி: "மருத்துவர் சொன்னதை நீங்கள் மறுத்துப் பேசினீர்களே, அதற்குப் பிறகு என்ன நடக்கும்?" ஒன்றும் நடக்காது, பேசி முடிவெடுப்போம் என்றேன். அந்த ஒரு பதிலுக்காக அவர் பலரிடம் அதே கேள்வியைக் கேட்டுச் சரிபார்த்தார். இதைப் புத்தகத்திலும் வீடியோவிலும் கற்றுத்தர முடியாது. அதிகாரம் ஒரு அறைக்குள் எப்படிப் பகிரப்படுகிறது என்பதை அந்த அறைக்குள் இருந்துதான் பார்க்க முடியும்.

இன்னொன்று, எங்கள் பிரிவில் இருக்கும் பயிற்சிச் சமையலறை. ஒரு கை இழந்தவர் அங்கே டீ போடுவார், வெங்காயம் நறுக்குவார். துருப்பிடிக்காத ஆணி இரண்டு அடித்த பலகையில் வெங்காயத்தைக் குத்தி வைத்து, பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. இதற்கு ஆகும் செலவு நூறு ரூபாய்கூட இல்லை. இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரோபோ பொருத்தி நடக்கவைக்கும் இயந்திரத்தையும் படம் எடுக்கிறார்கள், ஆனால் ஊருக்குப் போய்ச் செய்து பார்ப்பது பலகையைத்தான்.

அப்படியானால் பயணம் நல்லதா? அதைப் பயணம் முடிவு செய்வதில்லை, திரும்பிப் போகிற இடம்தான் முடிவு செய்கிறது. நமக்குத் தெரிந்த சான்று வேலூரிலேயே இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். அந்த ரஸ்க் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை வீரர்களை மீட்டெடுத்த அனுபவத்தில்தான் அந்தத் துறையைக் கட்டினார். மேரி வர்கீஸ் திரும்பியபோது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அவருக்கு ஒரு துறையைக் கொடுத்தது; 1966-ல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அவர் போனது வாரக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில். திரும்பியபோது துறையும் கட்டிடமும் ஆட்களும் தயாராக இருந்தன, அல்லது தயாராகிக்கொண்டிருந்தன. அவருடைய திறமைக்கு எந்தக் குறையும் வைக்காமல் சொல்கிறேன்: வெறும் சான்றிதழோடு ஒரு பொது வார்டுக்குத் திரும்பியிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா என்பது ஐயம்தான்.

ஆகவே யாரை அழைப்பது என்பது எங்கே அழைத்துப் போவது என்பதைவிட முக்கியம். ஆறு மருத்துவமனைகளிலிருந்து மருத்துவமனைக்கு ஒருவர் என்று எடுப்பது நியாயமாகத் தோன்றும். பலன் மிகக் குறைவு. தனியாகத் திரும்பிப் போகும் ஒருவர் ஒரே மாதத்தில் பழைய முறைக்குள் கரைந்துபோவார். ஒரே மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் வரட்டும். தினமும் நோயாளியைத் தொடுகிற ஒரு தெரபிஸ்ட், ஒரு வார்டு செவிலியர், கால அட்டவணையையும் ஆள் நியமனத்தையும் மாற்ற அதிகாரம் உள்ள ஒரு மருத்துவர் அல்லது நிர்வாகி. செவிலியரை விட்டுவிடாதீர்கள். கவனிப்பு குறைந்தால் தண்டுவடக் காயத்தில் படுக்கைப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் ஆளையே கொல்லும். இரவு இரண்டு மணிக்கு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பவர் தெரபிஸ்ட் அல்ல.

எங்கே அழைத்துப் போவது என்பதிலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் அவர்களுடைய மருத்துவமனை எப்படி ஆக முடியுமோ அப்படிப்பட்ட இடத்தைக் காட்டுங்கள். செயற்கைக் கால் பொருத்த யாழ்ப்பாணத்தில் 1987-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். சம்மணம் போட்டு உட்காரவும், குந்தவும், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் தோதான ஒரு செயற்கைக் காலை பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் ராஜஸ்தானில் உருவாக்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து விவசாயிக்கு ஐரோப்பியக் காலைவிட அதுதான் பொருந்தியது. உக்ரைனுக்கு அதே கால் பொருந்த வேண்டும் என்று சொல்லவில்லை. பனியும் சேறும் உள்ள ஊர், அவர்கள் வாழ்க்கை வேறு; லிவிவ் நகருக்கு அருகே 2023-ல் திறந்த சூப்பர்ஹ்யூமன்ஸ் மையம் போன்ற நவீன இடங்களும் அங்கே உண்டு. ஆனால் பெரும்பாலான நோயாளிகள் திரும்பிப் போவது லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிக்கும் மாவட்ட மருத்துவமனைக்கும்தான். அதனால் உங்கள் ஊரின் பெரிய மையத்தில் இரண்டு நாள் போதும். மீதி நாட்களைச் சாதாரண மாவட்ட மருத்துவமனையிலும், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சமூக தெரபிஸ்ட்டோடும் செலவிடட்டும். குளியலறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளப்பதை அவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

நடைமுறையில் வரும் சில முடிச்சுகள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானத்துக்கு மூடப்பட்டிருக்கிறது. ரயிலிலோ பஸ்ஸிலோ போலந்து போன்ற பக்கத்து நாட்டுக்கு வந்து அங்கிருந்து விமானம் ஏற வேண்டும். போக வர நான்கு நாள் பிடித்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இராணுவச் சட்டம் காரணமாகப் போரிடும் வயதுள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியே வருவது மிகக் கடினம், தனி அனுமதி வேண்டும். அதனால் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருப்பார்கள். அவர்களுடைய ஆண் சக ஊழியர்களுக்கும் பாடம் போய்ச்சேர வேண்டும் என்றால் ஆன்லைன் வகுப்பு, அல்லது இங்கிருந்து ஒருவர் அங்கே போவது, இரண்டையும் யோசித்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மொழிபெயர்த்துப் பேசும்போது ஒரு மணி நேர வகுப்பில் அரை மணி நேரப் பாடம்தான் நடக்கும், அதற்கேற்பத் திட்டத்தைப் பாதியாக்குங்கள்.

வருகிறவர்களின் களைப்பையும் கணக்கில் எடுங்கள். சைரன் ஒலியில் தூக்கம் கெட்டு, தங்கள் வீட்டு ஆண்கள் போர்முனையில் இருக்க, பகலெல்லாம் காயம்பட்டவர்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நிகழ்ச்சி, இரவு வரவேற்பு விருந்து, அதில் மேடையேறிப் போர் அனுபவம் பேசச் சொல்வது, இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். மதியத்துக்குப் பிறகு ஓய்வு கொடுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அந்த நேரத்தில்தான், ஊரில் எதை மாற்றலாம் என்ற பேச்சே தொடங்குகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெடிகுண்டுக் காயத்தில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் இங்கே பெரும்பாலோருக்கு இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு கால் இழப்பு, தீக்காயம், மூளை அதிர்ச்சி, காது கேளாமை எல்லாம் சேர்ந்து வரும். ஸ்டம்ப்புக்குள் எலும்பு தப்பான இடத்தில் வளர்வது வெடிகுண்டுக் காயத்தில் மிகச் சாதாரணம்; பிரிட்டனில் சர்க்கரை நோயால் கால் இழந்தவர்களையே பார்த்துப் பழகிய தெரபிஸ்ட் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். ட்ரோன் தாக்குதலால் காயம்பட்டவரை வெளியே கொண்டுவர மணிக்கணக்காகத் தாமதமாகி, ரத்தத்தை நிறுத்தக் கட்டிய கட்டு நீண்ட நேரம் இருந்துவிட்ட கால்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமித் தொற்றையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மத்தியானம் முழுவதையும் அவர்கள் கற்பிக்க ஒதுக்குங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை, இங்குள்ளவர்களுக்கு அந்தப் பாடம் தேவை.

இனி, உறுதியில்லாதவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இத்தகைய பயணங்களால் நோயாளிகள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று நிரூபிப்பது கடினம். வந்தவர்கள் கடைசி நாளில் நிரப்பும் கருத்துப் படிவத்தில் எல்லாம் அருமையாகவே இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்கு வகுப்பு மட்டும் நடத்தினால் அவர்களுடைய வேலைமுறை சிறிதளவே மாறுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த சங்கதி. அதற்குப் பின் தொடர்ந்து வழிகாட்டல் இருந்தால் மாற்றம் கூடும் என்பதை என் அனுபவத்தை வைத்து நம்புகிறேன். நிரூபித்துக் காட்ட என்னிடம் எண்கள் இல்லை. சில சிகிச்சைகளும் இப்படித்தான். இல்லாத கை காலில் வலி வருவதற்கு, சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த, நல்ல கை காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்க்கவைக்கும் சிகிச்சையை எல்லோரும் பார்க்க ஆசைப்படுவார்கள். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குப் பலனே இல்லை, ஆய்வுகளும் கலவையாகவே இருக்கின்றன. அதை அப்படியே அவர்களிடம் சொல்லிக் காட்டுங்கள். வந்தவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்களோ என்ற பயத்தையும் சங்கத்தில் யாராவது கிளப்புவார்கள். நடக்கலாம். நான் பார்த்தவர்கள் திரும்பிப் போனார்கள், அதை வைத்து எல்லோரும் போவார்கள் என்று சொல்லிவிட முடியாது.

பணத்தை அனுப்பிச் சக்கர நாற்காலி வாங்கும் யோசனைக்கு வருகிறேன். அதுவும் நல்ல எண்ணம்தான், ஆனால் அளவு பார்க்காமல் கொடுத்த நாற்காலி, உணர்வில்லாத உடம்புக்கு ஆபத்து. இருக்கை அகலமோ மெத்தையோ தவறினால் சில நாளிலேயே உட்காரும் எலும்புக்கு மேல் தோல் கறுத்துப் புண்ணாகும். நாற்காலிக்கும் அளவு எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்றாவது வழி, ஆசிரியர் அங்கேயே போய்த் தங்குவது. காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1988-ல் தொடங்கிய எலும்பியல் மையத்தில் இத்தாலியப் பிசியோதெரபிஸ்ட் ஆல்பர்ட்டோ கெய்ரோ 1990-ல் வந்து சேர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே வேலை செய்திருக்கிறார். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள், முன்னாள் நோயாளிகள். பயிற்சி உள்ளூரிலேயே நடக்கிறது. கம்போடியாவில் 1994-ல் ப்னோம் பென்னில் செயற்கை உறுப்புப் பள்ளி தொடங்கியபின், பிற ஆசிய நாட்டு மாணவர்களும் அங்கே படிக்கப் போனார்கள். இந்த வழிகளைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் இவை பல பத்தாண்டு வேலைகள், ஓர் ஊர்ச் சங்கத்தின் கையில் அடங்காது.

உங்கள் கையில் இருக்கும் தொகைக்கு நான் சொல்வது இது: ஆறு பேரை மூன்றாக்குங்கள், எல்லோரும் ஒரே மருத்துவமனையிலிருந்து. மிச்சமாகும் பாதிப் பணத்தில், அவர்கள் திரும்பிய பிறகு ஒரு வருடத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர வீடியோ சந்திப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். நோயாளியின் பெயரும் முகமும் இல்லாமல் ஒரு நோயாளியின் நிலைமையை அவர்கள் சொல்ல, இங்குள்ள தெரபிஸ்ட் கூட யோசிக்கட்டும். மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி அதில் அடங்கும். ஆறு மாதத்துக்குப் பின் இங்கிருந்து இருவர் ஒரு வாரம் அங்கேயோ, அங்கே போக முடியாத நிலை என்றால் போலந்துக்கோ போய், நோயாளியைத் தொட்டுச் செய்யும் பயிற்சியை அவர்களோடு செய்து பார்க்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன் அந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: திரும்பி வந்ததும் எந்த வார்டில், எந்த ஒரு விஷயத்தை, யார் அனுமதியோடு மாற்றப்போகிறீர்கள்? பதிலில் வார்டின் பெயரும் பொறுப்பாளர் கையெழுத்தும் இருந்தால் அழைப்புக் கடிதம் அனுப்பி விசா வேலையைத் தொடங்குங்கள். "எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறோம்" என்று மட்டும் வந்தால் வீடியோ சந்திப்பை முதலில் நாலைந்து மாதம் நடத்திவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.